கருவேலம் இழந்த பெயர்

கருவேல மரத்துக்கு 1753 தொடங்கிக் குறைந்தது நான்கு பெயர்களைத் தாவரவியல் சூட்டியிருக்கிறது. லின்னேயஸ் அதை மிமோசா நைலோடிகா என்று எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்திய நூல்களில் அதன் பெயர் அகேசியா அராபிகா. காம்பிள் தொடங்கி வைத்த சென்னை மாகாணத் தாவரக் களஞ்சியத்திலும் அதுவே. பிறகு அகேசியா நைலோடிகா ஆயிற்று. திருச்சியின் உலர்தாவரத் தொகுப்பான ரபினாட் ஹெர்பேரியத்திலிருந்து கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட பெருநூல் அந்தப் பெயரையே ஆள்கிறது. 2008இல் அது வாசெல்லியா நைலோடிகா என்று மாற்றி எழுதப்பட்டது. இவ்வளவுக்கும் மரத்தில் எதுவும் மாறவில்லை. கண்மாய்க்குள் முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி மஞ்சள் பூவைப் பூத்து, விதைக்கு விதை இடுங்கிய சாம்பல் நிறக் காயைக் காய்த்துக்கொண்டிருக்கிறது. கீதாரிகள் தொரட்டியால் அந்தக் காயை உலுக்கி ஆடுகளுக்குப் போடுகிறார்கள். தின்ற ஆடு கிடை போட்ட இடத்தில் விதை விழுந்து முளைக்கிறது.

நான்கு பெயர்களிலும் முன்பாதிதான் பெரிதும் அலைக்கழிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தாவரப் பெயரின் முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் இது எது என்று சொல்லும். சிற்றினம் என்பதற்காவது கண்ணுக்குத் தெரிந்த ஓர் அடிப்படை உண்டு. தன்னைப் போன்ற இன்னொன்றை ஈனுகிற கூட்டம் அது. பேரினத்துக்கு அப்படியொரு பிடிமானம் இல்லை. நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களை எங்கே ஒரு கூட்டமாக வளைத்துக் கோடு போடுவது, எவ்வளவு பெரிய வளையம் போடுவது என்பது வகைப்படுத்துகிறவரின் முடிவு. ஒரே ஒரு சிற்றினத்தைக் கொண்ட பேரினமும் உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொண்ட பேரினமும் உண்டு. பூக்கும் தாவரங்களில் இன்று பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பேரினங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் எல்லைகள் அத்தனையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் போட்டவை, இன்னொருவர் அழித்துப் போட்டவை.

பேரினத்தை ஒரு நிலையான படியாக ஆக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த தூர்னஃபோர். 1694இல் வெளிவந்த நூலில் ஏறத்தாழ எழுநூறு பேரினங்களுக்குப் பூவையும் காயையும் வைத்து அவர் விளக்கம் தந்தார். அகேசியா என்ற பெயர் அதற்கும் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் எகிப்தின் முள்மரம் ஒன்றையும் அதன் சாற்றிலிருந்து எடுக்கும் மருந்தையும் அந்தப் பெயரால் குறித்திருக்கிறார். அந்த முள்மரம் நைல் கரையின் கருவேலம் என்பதில் தாவரவியலாளர்களுக்கு ஐயம் இல்லை. ஆகவே அகேசியா என்ற சொல் முதன்முதலாக ஒட்டிக்கொண்டது தமிழ்நாட்டுக் கண்மாய்களில் நிற்கும் அதே மரத்தின் மேல்தான்.

லின்னேயஸ் அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டார். தொட்டாற்சிணுங்கி, கருவேலம், வன்னி, வாகை என்று இறகிலையும் பந்துப் பூவும் கதிர்ப் பூவும் உடைய எல்லாவற்றையும் மிமோசா என்ற ஒரே பேரினத்துக்குள் அடைத்தார். லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் பிலிப் மில்லர் அடுத்த ஆண்டே, 1754இல், தம் தோட்டக்கலை அகராதியில் அகேசியாவைத் தனிப் பேரினமாகத் திரும்பக் கொண்டுவந்தார். இன்றைய விதிகளின்படி தாவரப் பெயர்களின் முன்னுரிமை 1753 மே 1 முதல் கணக்கிடப்படுகிறது. அதனால் பேரினத்தின் ஆசிரியர் என்ற பெருமை தூர்னஃபோருக்குக் கிடைக்காமல் மில்லருக்குப் போய்விட்டது.

மிமோசாவை அறிவியல் முறையில் உடைக்கும் வேலையை ஜெர்மானியர் வில்டெனோ 1806இலும், ஆங்கிலேயர் ஜார்ஜ் பெந்தம் 1842இலும் செய்தார்கள். பெந்தம் பற்றிக்கொண்ட அடையாளம் மகரந்தத்தாள். கருவேலத்தின் மஞ்சள் உருண்டை ஒரு பூ அல்ல. பல பத்துச் சிறு பூக்கள் நெருங்கி அமர்ந்த தலை. ஊசிமுனையால் ஒரு சிறு பூவைப் பிரித்தெடுத்துக் கைக்கண்ணாடியில் பார்த்தால், இதழ்கள் இருக்கும் இடம் தெரியாது. கண்ணில் படுவதெல்லாம் மெல்லிய மஞ்சள் இழைகள். அவை எண்ணிக்கையில் மிகப் பல, ஒவ்வொன்றும் அடிவரை தனித்தனி. தொட்டாற்சிணுங்கியின் இளஞ்சிவப்புப் பந்திலிருந்து ஒரு பூவை எடுத்தால் நான்கு தாள்களே இருக்கும். வாகைப் பூவில் தாள்கள் பல, ஆனால் அடியில் ஒன்றாக இணைந்து குழலாகியிருக்கும். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் மிமோசா வகை, பலவாகித் தனித்திருந்தால் அகேசியா, பலவாகி இணைந்திருந்தால் வாகை வகை என்று பெந்தம் மூன்றாகப் பிரித்தார். எளிமையான, வயலிலேயே சோதிக்கத்தக்க பிரிவினை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அது நிலைத்ததற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

இந்தப் பிரிவினையில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த ஒரு மரமும் இடம் மாறியது. கொடுக்காப்புளியைச் சோழமண்டலக் கரையில் கண்டு மிமோசா டல்சிஸ் என்று பெயரிட்டவர் ராக்ஸ்பரோ. மெக்சிகோ பக்கத்து மரம் அது. பிலிப்பைன்ஸ் வழியாக இங்கே வந்து சோழமண்டலத் தாவரமாகவே அறிவியலுக்கு அறிமுகமானது. தாள்கள் இணைந்திருப்பதால் அது மிமோசாவில் நிற்க முடியவில்லை. பித்தசெலோபியம் என்ற பேரினத்துக்குப் பெந்தம் அதை 1844இல் அனுப்பினார். அங்கேயே இன்னும் இருக்கிறது.

மீந்திருந்த அகேசியா மெலியவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குவிந்த மாதிரிகள் அதை ஊதிப் பெருக்கின. இருபதாம் நூற்றாண்டின் முடிவில் அதனுள் 1,300க்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 950 ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. தாள்கள் பலவாகித் தனித்திருக்கின்றன என்ற ஒரே அடையாளத்தைத் தவிர, இவ்வளவு பெரிய கூட்டத்தைச் சேர்த்துப் பிடிக்க வேறொன்றும் இல்லை. முள்ளைப் பார்த்தாலே மூன்று வேறு கூட்டங்கள் தெரியும்.

கருவேலம், வெள்வேலம், உடை என்கிற குடைவேல், கஸ்தூரிவேல் ஆகியவற்றில் ஒவ்வோர் இலையின் அடியிலும் இரண்டு நேர்முட்கள் இணையாக நிற்கும். இவை இலையடிச் செதில்கள் முள்ளாக மாறியவை. ஆகவே இலை இருக்கும் இடத்தில்தான் முள்ளும் இருக்கும். பூ எப்போதும் உருண்டை. இண்டு, சீகைக்காய், காசுக்கட்டி எடுக்கும் கருங்காலி ஆகியவற்றின் முள் வேறு பிறப்பு. அது தோலிலிருந்து கிளம்பும் கொக்கி. பல கொடிகளில் தண்டு நெடுக இலையோடு தொடர்பின்றிச் சிதறிக் கிடக்கும், ரோஜா முள்ளைப் போலப் பக்கவாட்டில் தள்ளினால் பெயர்ந்துவிடும். இண்டங்கொடிக்குள் கைவிட்டவருக்குத் தெரியும்: உள்ளே போவது எளிது, வெளியே இழுப்பதுதான் பாடு. மூன்றாவது கூட்டமான ஆஸ்திரேலிய மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது. அவற்றில் மிகப் பலவற்றுக்கு இலையும் கிடையாது என்றே சொல்லலாம். நாற்று முளைத்ததும் முதலில் கருவேலத்தைப் போல இறகிலை விடும். அடுத்தடுத்து வரும் இலைகளில் காம்பு தட்டையாகி அகன்றுகொண்டே போகும், நுனியில் ஒட்டியிருக்கும் இறகு சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில் இறகு முற்றிலும் மறைந்து காம்பு மட்டும் இலை வடிவில் நின்றுவிடும். சாலையோரங்களில் நடப்பட்ட அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ் மரத்தின் அரிவாள் வளைவுள்ள ‘இலை’ அப்படி அகன்ற காம்புதான்.

முதல் இரண்டு கூட்டங்களையும் தமிழ் ஊர்ப்புறம் பல காலமாகப் பிரித்தே வைத்திருக்கிறது. வேல், வேலம் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் இணைமுள்ளும் உருண்டைப் பூவும் உடைய மரங்களுக்கே உரியவை. கொக்கிமுள் கூட்டத்துக்கு இண்டு, சீகை, கருங்காலி என்று தனித்தனிப் பெயர். இதைப் பெரிய அறிவியல் முன்னறிவிப்பு என்று கொண்டாட வேண்டியதில்லை. மரத்தை வெட்டுகிறவருக்கும் வேலி கட்டுகிறவருக்கும் முள்ளின் போக்கு தெரிந்தாக வேண்டும். அவர்கள் கவனித்தார்கள், அவ்வளவுதான். அந்த அளவுகோல் சறுக்கும் இடங்களும் உண்டு. சீமைக்கருவேலத்துக்கு இணைமுள் இருப்பதால் அது வேலம் ஆகிவிட்டது. பூ உருண்டையாக இல்லாமல் கதிராக இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. கருங்காலி என்ற பெயரோ காசுக்கட்டி மரத்துக்கும், அதோடு எந்த உறவும் இல்லாத கருமர வகைக்கும் சேர்த்தே வழங்குகிறது. கழுத்தில் போட்டுக்கொள்ளும் கருங்காலி மாலை இரண்டில் எதிலிருந்து வருகிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம்.

அகேசியாவை உடைத்தாக வேண்டும் என்று முறையாக எழுதியவர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த லெஸ் பெட்லி. 1986இல் அவர் பேரினத்தை மூன்றாக்கினார். இணைமுள் கூட்டம் அகேசியா என்ற பெயரோடே இருக்கும். கொக்கிமுள் கூட்டம் செனகாலியா. ஆஸ்திரேலியக் கூட்டம் ரகோஸ்பெர்மா. அவருடைய நாட்டிலேயே அதற்கு வரவேற்பு இல்லை. முள்ளும் காம்பும் விதையும் மட்டும் சாட்சி என்றால் மறுக்க வழி இருந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பசுங்கணிக மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள் வந்தபின் மறுப்பு நிற்கவில்லை. மூன்று கூட்டங்களும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து வந்த உடன்பிறப்புகள் அல்ல. ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கருவேலத்தைவிட வாகை வகையின் சில மரங்களே நெருங்கிய உறவு. பெந்தம் நம்பிய மகரந்தத்தாள் ஏமாற்றிவிட்டது என்றே சொல்ல வேண்டும்: தனித்த தாள், இணைந்த தாள் என்ற வேறுபாடு உறவின் கோட்டோடு ஒத்துப்போகவில்லை. ஒரு மூதாதையின் வழிவந்த அனைத்தும் ஒரே பேரினத்துக்குள் இருக்க வேண்டும், வேற்று வழி எதுவும் இருக்கக் கூடாது என்பது இன்றைய வகைப்பாட்டின் அடிப்படை. அதன்படி அகேசியாவை முழுதாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாகையையும் தூங்குமூஞ்சியையும் கொடுக்காப்புளியையும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு யாரும் தயாராக இல்லை. மெக்சிகோ பக்கத்து இரு சிறு கூட்டங்களும் தனியே பிரிந்ததில் ஒன்று ஐந்தாயிற்று.

உடைப்பதில் ஒற்றுமை வந்தபின் சண்டை வேறிடத்தில் தொடங்கியது. அகேசியா என்ற பெயர் எந்தத் துண்டுக்கு?

விதி தெளிவாகவே இருந்தது. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு சிற்றினத்தோடு கட்டப்பட்டிருக்கும். அதற்கு வகைக்காட்டு என்று பெயர். பேரினம் எத்தனையாக உடைந்தாலும் வகைக்காட்டு எந்தத் துண்டில் விழுகிறதோ அதற்கே பழைய பெயர். சொத்துப் பிரிவினையில் குலதெய்வப் பெட்டி இருக்கும் வீட்டுக்கே பெரிய வீடு என்ற பேர் நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது. அடுத்த வீட்டில் ஆள்கூட்டம் அதிகம் என்பதால் பேர் மாறுவதில்லை. அகேசியாவின் வகைக்காட்டு கருவேலம். ஆகவே பெயர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அமெரிக்காவிலும் பரந்த இணைமுள் கூட்டத்துக்கு. ஆஸ்திரேலிய மரங்கள் அனைத்தும் ரகோஸ்பெர்மா ஆக வேண்டும். அகேசியா லத்தீனில் பெண்பால், ரகோஸ்பெர்மா அலிப்பால் என்பதால் பின்பெயர்களின் ஈறுகளும் மாறும். பிக்னாந்தா என்பது பிக்னாந்தம் ஆகும். அந்த அகேசியா பிக்னாந்தா 1988 முதல் ஆஸ்திரேலியாவின் தேசிய மலர். அந்த மரத்தின் பச்சையும் பொன்னிறமுமே அந்நாட்டு விளையாட்டு வீரர்களின் உடை நிறம் என்பார்கள்.

2003இல் ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் ஆர்ச்சர்டும் மாஸ்லினும் ஒரு முன்மொழிவை வைத்தார்கள். கருவேலத்தை வகைக்காட்டு நிலையிலிருந்து நீக்கி, அகேசியா பென்னிநெர்விஸ் என்ற ஆஸ்திரேலிய மரத்தை அந்த இடத்தில் அமர்த்த வேண்டும் என்பது அது. பெயர்களின் நிலைத்தன்மை பெரிதும் குலையும் என்றால் இப்படி மாற்றிக்கொள்ள விதியிலேயே இடம் உண்டு. கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. பெயர் கருவேலத்தோடு நின்றால் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 950 பெயர் மாறும். ஆஸ்திரேலியாவுக்குப் போனால் மற்ற கண்டங்களில் மாறுவது 160 அளவே. கொக்கிமுள் கூட்டம் எப்படியும் செனகாலியா ஆகப்போகிறது என்பதால் அது இந்தக் கணக்கில் சேராது. எதிர்த்தரப்பு வேறு கணக்கு வைத்தது. 950 சிற்றினங்களும் ஏறத்தாழ ஒரே நாட்டில் நிற்கின்றன. 160ம் மூன்று கண்டங்களில் டஜன் கணக்கான நாடுகளில் பரவியிருக்கின்றன. குடைவிரித்த முள்மரம் இல்லாமல் ஆப்பிரிக்கச் சமவெளியை வரைய முடியாது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள பெயரை அதன் சொந்த மரத்திடமிருந்து பிடுங்குவது எப்படி நிலைத்தன்மை ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள்.

விதைத் தாவரங்களுக்கான பெயரிடல் குழு 2004இல் 9க்கு 6 என்று முன்மொழிவை ஆதரித்தது. 2005 ஜூலையில் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டின் பெயரிடல் அமர்வில் வாக்கெடுப்பு நடந்தது. அளிக்கப்பட்ட வாக்குகளில் 54.9 விழுக்காடு முன்மொழிவுக்கு எதிராக விழுந்தன. ஆனால் குழுவின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 விழுக்காடு வேண்டும் என்று அமர்வு விதி வகுத்திருந்தது. எனவே எதிர்த்த பெரும்பான்மை தோற்றது. கருவேலம் அகேசியா என்ற பெயரை இழந்தது. விதிப்படி நடந்த முடிவுதான். ஆனாலும் மாநாட்டுக்குப் பயணச்செலவு கொடுத்து ஆள் அனுப்ப முடிந்த நாடுகளின் குரலும், பெரிய ஹெர்பேரியங்களுக்கு அதிகமாகக் கிடைக்கும் நிறுவன வாக்குகளும் ஓங்கி நிற்கும் சபையில், பெரும்பான்மையின் மறுப்பும் போதவில்லை என்பது கசப்பை விட்டுச்சென்றது வியப்பல்ல. ஆறு ஆண்டுகள் ஆய்விதழ்களில் காரசாரமான கட்டுரைகள் வந்தன. 2011இல் மாநாடு கூடிய ஊர் மெல்போர்ன், ஆஸ்திரேலிய மண். அங்கே வியன்னா முடிவு உறுதியாயிற்று. இரு தரப்புக்கும் அகேசியா என்ற ஒலி எஞ்சும்படி புதுப் பெயர்களைக் கட்டலாம் என்ற சமரச யோசனையும் ஏற்கப்படவில்லை.  

பெயரை இழந்த கூட்டத்துக்குக் கிடைத்த வாசெல்லியா சென்னை மாகாணத் தாவரவியலில் பிறந்த பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ராபர்ட் வைட் 1819இல் சென்னைக்கு வந்தவர். பின்னாளில் கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணைகளை நடத்தியவர். ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களைக் கொண்டு தென்னிந்தியச் செடிகளை வரைவித்து வெளியிட்டவர். அவரும் ஸ்காட்லாந்தின் ஆர்னாட்டும் சேர்ந்து எழுதிய தீபகற்ப இந்தியத் தாவர நூல் 1834இல் வெளிவந்தது. அதில் கஸ்தூரிவேலுக்காக மட்டும் வாசெல்லியா என்ற பேரினத்தை அவர்கள் நிறுவினார்கள். உருண்டு தடித்து, தானாக வெடிக்காத அதன் காய் மற்ற வேலங்களின் காயிலிருந்து விலகியிருந்ததே காரணம். அதே நூலில் கருவேலத்தை அகேசியாவாகவே வைத்தார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து உடைமரத்துக்கு அகேசியா பிளானிஃப்ரான்ஸ் என்று பெயரிட்டதும் அதே நூல். வாசெல்லியா என்ற பெயருக்கு உரியவரான ஜார்ஜ் வாசெல், மக்காவோவில் ஆங்கில வணிகர்களுக்குப் பாதிரியாராக இருந்து சீனச் செடிகளைச் சேகரித்தவர். கஸ்தூரிவேலின் சொந்த ஊரோ அமெரிக்க வெப்பமண்டலம். அதன் பின்பெயர் ரோம் நகரத்து ஃபர்னேஸே தோட்டத்தை நினைவுபடுத்துகிறது. வைட்டின் காலத்தில் ஒற்றை மரத்துக்கான அறையாக இருந்த இந்தப் பேரினம், வியன்னாவுக்குப் பிறகு கருவேலத்தையும் உடையையும் ஆப்பிரிக்கக் குடைமரங்களையும் தாங்கும் மண்டபமாயிற்று. வெள்வேலம் 2013இல் முறைப்படி அங்கே குடியேறியது. ஒரு காலத்தில் சாராய ஊறலுக்குப் பட்டை கொடுத்த மரம் என்ற வகையில் காவல்துறைக்கும் கலால்துறைக்கும் அது தாவரவியலாளர்களைவிட நன்கு பழக்கம்.

இதன் விளைவு இந்தியாவைப் பொறுத்தவரை விசித்திரமானது. இந்த மண்ணுக்கே உரிய மரங்களில் ஒன்றுகூட இன்று அகேசியா இல்லை. அந்தப் பெயரைத் தாங்கி நிற்பவை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. நீலகிரியின் சோலைப் புல்வெளிகளை மூடிய அகேசியா மேர்ன்சி அவற்றில் முதன்மையானது. உதகைப் பக்கத்தில் அதைச் சீகை மரம் என்கிறார்கள். தலைக்குத் தேய்க்கும் சீகைக்காயோ கொக்கிமுள் கொடி. அது இப்போது செனகாலியா ருகாட்டா. ஆக, மலைமேல் சீகை எனப்படுவது அகேசியா, அடிவாரத்துச் சீகை அகேசியா அல்ல. வணிகம் இந்தச் சண்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. சூடானிலிருந்து வரும் அரபுப் பிசினைத் தரும் மரம் செனகாலியா செனகல் ஆகிவிட்டது. பிஸ்கட், குளிர்பான உறைகளில் அது இன்னும் அகேசியா பிசின்தான்.

ஹெர்பேரியத்தில் இந்த மாற்றங்களுக்கு ஒரு நாகரிகமான வழக்கம் உண்டு. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோடு இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற பழைய தொகுப்புகளில், உலர்ந்த கிளை ஒட்டிய தாளின் மூலையில் சேகரித்தவர் எழுதிய பெயர் அப்படியே இருக்கும். பின்னால் வருகிறவர் அதை அடிப்பதில்லை. தம் முடிவை ஒரு சிறு துண்டுத்தாளில் எழுதி, கையொப்பமும் ஆண்டும் இட்டுப் பக்கத்தில் ஒட்டுவார். நூறாண்டு கடந்த தாளில் மூன்று நான்கு துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். தவறென்று கைவிடப்பட்ட பெயரும் அழியாமல் இருப்பதால்தான், பழைய நூலில் அகேசியா அராபிகா என்று வாசிப்பவர் அது எந்த மரம் என்று கண்டுபிடிக்க முடிகிறது.

செனகாலியாவும் முடிந்த கதை அல்ல. மேலும் ஆராய்ந்தபோது அதற்குள்ளும் வேற்று வழியினர் கலந்திருப்பது தெரிந்து, 2017இல் சில சிற்றினங்கள் தனிப் பேரினங்களாகப் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டு இம்மரங்கள் அனைத்தும் அடங்கிய பயறுக் குடும்பத்தின் வகைப்பாடு முழுவதும் திருத்தப்பட்டது. ஏறத்தாழ 765 பேரினங்கள் கொண்ட அக்குடும்பம் ஆறு துணைக்குடும்பங்கள் ஆயிற்று. பாடநூல்களில் தனித் துணைக்குடும்பமாக இருந்த மிமோசா கூட்டம் கொன்றையின் துணைக்குடும்பத்துக்குள் ஒரு கிளையாக ஒடுங்கியது. கொன்றையோடு ஒன்றாக இருந்த புளி வேறு துணைக்குடும்பத்துக்குப் போனது.

2022இல் உடைந்தது, வன்னியையும் சீமைக்கருவேலத்தையும் கொண்டிருந்த புரோசோபிஸ். 1976இல் அர்ஜென்டினாவின் பர்கார்ட் அதில் 44 சிற்றினங்களை வைத்திருந்தார். பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. மரபணு ஆய்வு இங்கும் அதே முடிவைத் தந்தது: இவை ஒரே வழியில் வந்தவை அல்ல. பெயரின் வகைக்காட்டு, லின்னேயஸ் 1767இல் இந்திய மரத்தை வைத்து விவரித்த வன்னி. விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்பதும், ராஜஸ்தானில் கேஜ்ரி என்ற பெயரில் மாநில மரமாக இருப்பதும் அதுவே. இம்முறை ஆய்வாளர்கள் விதியின் வழியே போனார்கள். வன்னியும் அதன் மேற்காசிய உறவினர் இரண்டும் என மூன்று சிற்றினங்களே புரோசோபிஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டன. நாற்பதுக்கு மேற்பட்ட அமெரிக்க மரங்கள் நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாறின. செனகாலியா, நெல்டுமா இரண்டும் 1838இல் ஒரே நூலில் ரஃபினெஸ்க் சூட்டிய பெயர்கள். ஆயிரக்கணக்கில் பெயர்களை அள்ளிவிட்டு, சமகாலத்தவரின் கேலிக்கு ஆளாகி 1840இல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்த மனிதர் அவர். அவருடைய இரண்டு பேரினங்கள் இன்று உலகத்து வறண்ட நிலங்கள் பலவற்றில் பரந்து நிற்கின்றன.

எண்ணிக்கைதான் நியாயம் என்றால் வன்னியும் பெயரை இழந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குச் செல்லுபடியான வாதம் அமெரிக்காவுக்கு இன்னும் வலுவாகவே பொருந்தியிருக்கும். மூன்று சிற்றினம் எங்கே, நாற்பது எங்கே? வன்னி தப்பியது விதியால். கருவேலம் தோற்றது விதிவிலக்கால். உடைத்தது சரி என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. பெயரைக் கொடுத்த முறையில் மட்டும், வியன்னா தவறான முன்மாதிரி என்றே சொல்ல வேண்டும்.

சீமைக்கருவேலம் இப்போது நெல்டுமா ஜூலிஃப்ளோரா. அதை அகற்றச் சொல்லி 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகளும், பெயர் மாறுவதற்கு முன் அதைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் அத்தனையும் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்ற பெயரில் கிடக்கின்றன. இனி அம்மரத்தைப் பற்றித் தேடுபவர் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். ஒன்றில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. ஊராட்சிகளில் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுகிறவர்களும், பள்ளி வளாகத்து மரங்களுக்குப் பலகை மாட்டுகிறவர்களும் உள்ளூர்ப் பெயரை முதலில் எழுதி, அதன் கீழே புதிய பெயரையும் பழைய பெயரையும் ஆண்டோடு சேர்த்து எழுதினால் போதும். பழைய பலகையில் அகேசியா நைலோடிகா என்று இருந்தால் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று மாட்டினால் சரி.